செனகாவா, டிஏ42-வா? பைலட் பயிற்சியில் இரட்டை என்ஜின் மணி நேரத்தின் உண்மையான விலை



கல்விக் கடன் பற்றிப் பேசும்போதெல்லாம் பைலட் பயிற்சியை ஒரு வரியில கடந்து போயிருக்கேன். இந்த முறை அதுக்கு மட்டும் ஒரு முழுப் பதிவு. காரணம், ஸ்ரீரங்கத்துலயும் கே.கே. நகர்லயும் இருந்து ஆபீஸுக்கு வர்ற பெற்றோர் இப்போ கேட்கிற கேள்வி மாறியிருக்கு. முன்னாடி "பைலட் படிப்புக்கு எவ்வளவு ஆகும் சார்?"னு கேட்டாங்க. இப்போ கையில ரெண்டு பயிற்சிப் பள்ளியோட கோட்டேஷனை வச்சுக்கிட்டு, "இதுல டிஏ42-ன்னு போட்டிருக்கு, அதுல செனகான்னு போட்டிருக்கு, பையன் எதுல மணி நேரம் சேர்த்தா நல்லது?"ன்னு கேட்கிறாங்க.

நான் ஆடிட்டர், பைலட் இல்லை. விமானத்தை எப்படி ஓட்டணும்னு நான் சொல்லப் போறதில்லை. ஆனா இந்தக் கேள்விக்குள்ள பெரிய பணக் கணக்கு ஒண்ணு ஒளிஞ்சிருக்கு. அது என் வேலை.

முதல்ல, எத்தனை மணி நேரம் தேவை?

டிஜிசிஏ விதிப்படி கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கு மொத்தம் 200 மணி நேரம் பறந்திருக்கணும். அதுல 100 மணி நேரம் பைலட் இன் கமாண்டா, அதாவது விமானத்துக்குத் தானே முழுப் பொறுப்பா இருந்து பறந்திருக்கணும். 20 மணி நேரம் கிராஸ் கன்ட்ரி, 10 மணி நேரம் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கிற பயிற்சி, 5 மணி நேரம் இரவுப் பறத்தல் எல்லாம் இதுக்குள்ள வரும். இது எதுவுமே 'இரட்டை என்ஜின்லதான் பறக்கணும்'னு கேட்கிற வகை இல்லை. செஸ்னா 172 மாதிரி ஒற்றை என்ஜின் விமானத்துலயே பெரும்பகுதியை முடிச்சிடலாம்.

அப்போ இரட்டை என்ஜின் எதுக்கு? ஏர்லைன் வேலைக்கு விண்ணப்பிக்க லைசென்ஸோட மல்டி என்ஜின் ரேட்டிங்கும் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கும் வேணும். அதுக்காகத்தான் கடைசிக் கட்டத்துல 15 மணி நேரம், 20 மணி நேரம், 25 மணி நேரம்னு பள்ளிக்குப் பள்ளி வேற வேற அளவுல பேக்கேஜ் போடுறாங்க. கடன் தொகை உப்புற இடமும் இதுதான். "ட்வின்ல அதிகமா பறந்தா லாக்புக் கனமா இருக்கும், இன்டர்வியூல நிக்கும்"னு சொல்லி விக்கிறாங்க.

இன்னொரு விஷயம். இரட்டை என்ஜின்ல பயிற்சியின்போது பெரும்பாலும் பயிற்சியாளர் பக்கத்துல உட்கார்ந்திருப்பார். அந்த நேரம் பைலட் இன் கமாண்ட் கணக்குல சேராது. ரெண்டு மடங்குக்கு மேல காசு கொடுத்து வாங்குற மணி நேரம், அதிகமா தேவைப்படுற அந்த 100-ல ஒண்ணைக்கூட குறைக்கலைன்னா, அதை எவ்வளவு வாங்கணும்னு யோசிக்க வேண்டாமா?

பெரிய கம்பெனிகள் எப்படி யோசிக்கிறாங்கன்னு பாருங்க. ஏர் இந்தியா, மகாராஷ்டிராவோட அமராவதியில தொடங்குற பயிற்சி அகாடமிக்கு 34 விமானம் ஆர்டர் பண்ணுச்சு. 31 பைப்பர் ஒற்றை என்ஜின். டயமண்ட் இரட்டை என்ஜின் வெறும் 3. தனக்கு வேண்டிய பைலட்டைத் தானே உருவாக்குற ஏர்லைனே 34-க்கு 3-னு தான் கணக்குப் போடுது.

இப்போ மாடலுக்கு வருவோம்

இந்தியப் பயிற்சிப் பள்ளிகள்ல அதிகம் கண்ணுல படுறது மூணு பேர்: பைப்பர் செனகா, டயமண்ட் டிஏ42, டெக்னாம் பி2006டி. அமெரிக்கா போறவங்களுக்கு பைப்பர் செமினோல்.

செனகா பழைய ஆள். ஒவ்வொண்ணும் 220 குதிரைத்திறன்ல ரெண்டு டர்போ பெட்ரோல் என்ஜின். ஒவ்வொரு என்ஜினுக்கும் மூணு மூணா ஆறு லீவர். ரெண்டு விசிறியும் எதிரெதிர்த் திசையில சுத்தும். அதனால எந்தப் பக்க என்ஜின் நின்னாலும் விமானத்தைக் கையாளுற கஷ்டம் ஒரே அளவுதான். இதுல பழகினா கைக்கு வேலை அதிகம், கவனம் கூர்மையாகும்னு சொல்ற பயிற்சியாளர்கள் உண்டு. நியாயமான வாதம்தான்.

ஆனா குடிக்கிறது? மணிக்குச் சுமார் 80 முதல் 90 லிட்டர். அதுவும் அவ்கேஸ் எனப்படுற விமானப் பெட்ரோல். ரொம்ப காலம் இந்தியா இதை முழுக்க இறக்குமதி பண்ணிக்கிட்டு இருந்துச்சு. 2022 செப்டம்பர்லதான் இந்தியன் ஆயில் தன்னோட குஜராத் சுத்திகரிப்பு ஆலையில தயாரிச்ச அவ்கேஸை அறிமுகப்படுத்துச்சு. இன்னைக்கும் சாதாரண ஜெட் எரிபொருளைவிட விலை அதிகம். எல்லா ஏர்போர்ட்லயும் கிடைக்காது, பல இடத்துல பீப்பாய்ல கொண்டுவந்து வைக்கணும்.

டிஏ42 டீசல் வகை என்ஜின். நம்ம திருச்சி ஏர்போர்ட்ல ஏர்பஸ்ஸுக்கு நிரப்புற அதே ஜெட் எரிபொருள்ல ஓடும். ரெண்டு என்ஜினுக்கும் சேர்த்து மணிக்குச் சுமார் 45 லிட்டர், செனகா குடிக்கிறதுல பாதி. என்ஜினுக்கு ஒரே ஒரு லீவர், மீதியைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கும். முன்னாடி கண்ணாடித் திரை. ஏ320 காக்பிட்டுக்குப் போறவங்களுக்குப் பழக்கமான சூழல்.

டெக்னாம் இத்தாலிக்காரர். 100 குதிரைத்திறன் ரோட்டாக்ஸ் என்ஜின் ரெண்டு, இருக்கிறதுலயே கம்மியா குடிக்கிறது இதுதான். சின்ன விமானம், கோடை வெயில்ல நாலு பேரை ஏத்திக்கிட்டு ஏறச் சொன்னா கொஞ்சம் மூச்சு வாங்கும். ஆனா பயிற்சிக்கு ரெண்டு பேர்தானே போறாங்க.

இதெல்லாம் பார்த்தா டிஏ42-தான் ஜெயிக்கும்னு தோணும். பல பேருக்கு அது சரியாவும் இருக்கும். ஆனா ஒரு கதை சொல்றேன். நம்ம சேனல்ல 'வாரண்டி ஒரு சொத்தா?'ன்னு வீடியோ போட்டா இதைத்தான் முதல் உதாரணமா வைப்பேன்.

டிஏ42 முதல்ல வந்தப்போ அதுல இருந்தது ஜெர்மனியோட தீலர்ட் கம்பெனி என்ஜின். பெரிய பெட்ரோல் பில்லுலேருந்து விடுதலைன்னு உலகம் முழுக்கப் பயிற்சிப் பள்ளிகள் வாங்கினாங்க. 'என்ஜின் இவ்வளவு மணி நேரம் உழைக்கும், முன்னாடியே போனா மீதிக்கு நாங்க பொறுப்பு'ங்கிற உறுதியையும் சேர்த்துத்தான் மணிக்கு இவ்வளவு செலவுன்னு கணக்குப் போட்டாங்க. 2008 ஏப்ரல்ல தீலர்ட் திவாலாச்சு. பழைய வாரண்டி போச்சு, உதிரி பாகம் விலை எகிறிச்சு. கியர்பாக்ஸை வேற சில நூறு மணி நேரத்துக்கு ஒருமுறை கழட்டி அனுப்பணும். விமானம் நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா ஓட்ட முடியாம ஹேங்கர்ல நின்னுச்சு. அப்புறம் டயமண்ட் தரப்பே ஆஸ்ட்ரோ என்ஜின்னு தனியா உருவாக்கி, 168 குதிரைத்திறன் என்ஜினோட டிஏ42 என்ஜி மாடலை 2009-ல கொண்டுவந்தாங்க. தீலர்ட் தொழிலை 2013-ல சீன முதலீட்டுல இருந்த கான்டினென்டல் குழுமம் வாங்குச்சு. அதனால இன்னைக்கு கோட்டேஷன்ல 'டிஏ42'ன்னு மட்டும் இருந்தா பத்தாது. எந்த என்ஜின்னு கேளுங்க. இரண்டும் வேற வேற பராமரிப்புச் செலவு, வேற வேற உதிரி பாகம்.

விமானம் நின்னா வட்டி நிக்காது

இதுதான் நான் சொல்ல வர்ற விஷயமே.

இரட்டை என்ஜின் கட்டம் பயிற்சியோட கடைசியில வரும். அப்போ கடன் கிட்டத்தட்ட முழுசா எடுத்திருப்பீங்க. 50 லட்சம் கடன், 11 சதவீத வட்டின்னு வச்சுக்கோங்க. ஒரு மாச வட்டி 45,833 ரூபாய். பள்ளியில இருக்கிற ஒரே ஒரு ட்வின் பழுதாகி, உதிரி பாகம் வர மூணு மாசம் ஆச்சுன்னா 1,37,499 ரூபாய் வட்டி மட்டும் போகும்.

இப்போ ரெண்டு கோட்டேஷனை ஒப்பிடுங்க. ஒண்ணுல ட்வின் மணிக்கு 45,000, இன்னொண்ணுல 40,000. (இது கணக்கு புரியறதுக்கான உத்தேச எண், உங்க கோட்டேஷன்ல இருக்கிறதைப் போட்டுக்கோங்க.) 15 மணி நேரத்துக்கு வித்தியாசம் 75,000 ரூபாய். எரிபொருள் சிக்கனமான விமானத்தைத் தேர்ந்தெடுத்து நீங்க மிச்சம் பிடிச்ச இந்த 75,000-ஐ, 50 நாள் தாமதம் முழுங்கிடும்.

தாமதத்துக்கு இன்னொரு விலையும் இருக்கு. லைசென்ஸ் விண்ணப்பத்துக்கு முந்தைய 6 மாசத்துக்குள்ள 15 மணி நேரம் பைலட் இன் கமாண்டா பறந்திருக்கணும். இரவு நேர டேக் ஆஃப், லேண்டிங்குக்கும் இதே 6 மாசக் கெடு. ட்வினுக்காகக் காத்திருக்கிற நேரத்துல இந்தக் கெடு ஓடிடுச்சுன்னா, ஏற்கெனவே பறந்ததையே மறுபடி காசு கட்டிப் பறக்கணும். கடையில ஸ்டாக் காலாவதி ஆகிற மாதிரி.

அதனால மாடலைவிட முக்கியமான கேள்விகள் இவை: பள்ளியில எத்தனை ட்வின்? போன ஒரு வருஷத்துல ஒவ்வொண்ணும் எத்தனை மணி நேரம் பறந்துச்சு? இப்போ ட்வினுக்காக எத்தனை மாணவர்கள் வரிசையில இருக்காங்க? ஒரே ஒரு புத்தம்புது டிஏ42 வச்சிருக்கிற பள்ளியைவிட, தினமும் பறக்கிற ரெண்டு பழைய செனகா வச்சிருக்கிற பள்ளி உங்க பாக்கெட்டுக்கு நல்லது. பள்ளியோட அலுவலகத்துல கேட்காதீங்க. அங்க இப்போ கடைசிக் கட்டத்துல இருக்கிற மாணவர்கள்கிட்ட, கேன்டீன்ல ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேளுங்க.

டிஜிசிஏ 2025 அக்டோபர்லேருந்து பயிற்சிப் பள்ளிகளுக்குத் தர வரிசை வெளியிடுது. முதல் பட்டியல்ல மேல் வகுப்பு ரெண்டுலயும் ஒரு பள்ளிகூட இல்லை. 13 பள்ளி 'பி', 22 பள்ளி 'சி'. 'எங்களுதுதான் நாட்டிலேயே நம்பர் ஒன்'னு யாராவது சொன்னா இந்தப் பட்டியலைத் திறந்து காட்டச் சொல்லுங்க.

இன்னொரு எச்சரிக்கை. இந்தியாவுல லைசென்ஸ்ல விமான வகையோட பேரோடதான் பதிவாகும். பாதி நேரம் செனகா, பாதி நேரம் டிஏ42-ன்னு பிரிச்சுப் பறந்தா ரெண்டுக்கும் தனித்தனிப் பயிற்சி, தனித்தனி டெஸ்ட். 'ரெண்டு வகை அனுபவம்'னு கேட்க நல்லாத்தான் இருக்கும், காசுதான் ரெண்டு தடவை போகும்.

10 மணி நேரம் கூடுதலா வாங்கினா?

15-க்குப் பதிலா 25 மணி நேர ட்வின் பேக்கேஜ் எடுக்கிறீங்க. மொத்தம் அதே 200 தான். 10 மணி நேரம் ஒற்றை என்ஜின்லேருந்து ட்வினுக்கு மாறுது. ஒற்றை என்ஜின் மணிக்கு 16,000, ட்வின் 45,000-ன்னா கூடுதல் செலவு 2,90,000 ரூபாய்.

"50 லட்சம் போற இடத்துல 3 லட்சம் என்ன சார்"னு தோணும். பொறுங்க. படிப்பு 2 வருஷம், அதுக்கப்புறம் 1 வருஷம் அவகாசம். பள்ளி மொத்தக் கட்டணத்தையும் முதல் நாளே வாங்கிட்டா, இந்த 3 வருஷத்துக்குச் சாதா வட்டி 95,700 சேர்ந்து 3,85,700 ஆகும். 10 வருஷத் தவணையில மாசம் சுமார் 5,313 ரூபாய். கட்டி முடிக்கும்போது 6,37,500-ஐத் தாண்டியிருக்கும். அந்த 10 மணி நேரம் இப்போ மணிக்கு எவ்வளவு ஆச்சுன்னு நீங்களே பார்த்துக்கோங்க.

இதையே பேங்க்லேருந்து கட்டம் கட்டமா விடுவிக்கச் சொல்லி, ட்வின் கட்டணத்தைக் கடைசியில கொடுத்தா? அவகாச காலத்தோட 1 வருஷ வட்டி மட்டும்தான். மொத்தம் 5,32,100. வெறும் பணம் கொடுக்கிற தேதியை மாத்தினதுக்கே 1,05,000 மிச்சம். அதைவிட முக்கியம், பள்ளிக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்க பணம் அங்க மாட்டாது. 2023 அக்டோபர்ல, அடுத்தடுத்து விபத்து நடந்த ஒரு பெரிய பயிற்சிப் பள்ளியோட எல்லாத் தளத்துலயும் டிஜிசிஏ பறக்கிறதையே நிறுத்தி வச்சுச்சு. மாணவர்கள் கேஸ் தீர்ற வரைக்கும் தரையில உட்கார்ந்திருந்தாங்க. முழுப் பணமும் முன்கூட்டியே கட்டினாதான் சேர்த்துக்குவோம்னு சொல்ற பள்ளிக்கு நான் ஆளை அனுப்ப மாட்டேன்.

"ஆனா திறமை?"ன்னு ஒரு அப்பா கேட்டார். நல்ல கேள்வி. 2024 அக்டோபர் 11 மாலை திருச்சியே வானத்தைப் பார்த்துக்கிட்டு நின்னது ஞாபகம் இருக்கும். ஷார்ஜா கிளம்பின ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 737, ஹைட்ராலிக் கோளாறால ரெண்டு மணி நேரத்துக்கு மேல வட்டமடிச்சு, எரிபொருளைத் தீர்த்துட்டுப் பத்திரமா இறங்குச்சு. அந்த மாதிரி நேரத்துக்கான பழக்கம் ஏர்லைன்ல சேர்ந்தப்புறம் சிமுலேட்டர்ல வருஷா வருஷம் வாங்கி வாங்கி வர்றது. ஆரம்பத்துல ட்வின்ல 15-ஆ 25-ஆங்கிறது அங்க தீர்மானிக்கிற விஷயமா எனக்குத் தெரியலை. கூடுதலா 3 லட்சம் இருந்தா, அதை டைப் ரேட்டிங் கணக்குல போடுங்க. ஏ320 மாதிரி ஒரு குறிப்பிட்ட விமானத்துக்கான பயிற்சி அது, லைசென்ஸுக்கு அப்புறம் தனியா லட்சக்கணக்குல வரும், பல பெற்றோர் அதைப் பட்ஜெட்லயே எழுதுறதில்லை.

வரி, ஜிஎஸ்டி, அடமானம்

ஜிஎஸ்டி: 2024 செப்டம்பர் 9-ல நடந்த 54-வது ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டம் ஒரு குழப்பத்தைத் தீர்த்துச்சு. டிஜிசிஏ அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் நடத்துற அங்கீகரிக்கப்பட்ட பயிற்சிக்கு ஜிஎஸ்டி கிடையாது, அதே அக்டோபர்ல சர்க்குலரும் வந்துடுச்சு. கோட்டேஷன்ல இன்னும் 18 சதவீதம் போட்டிருந்தா எழுத்துல விளக்கம் கேளுங்க. ஆனா விலக்கு அங்கீகரிக்கப்பட்ட கோர்ஸுக்குத்தான். கோர்ஸுக்கு வெளிய, மணி நேரம் சேர்க்கிறதுக்காக மட்டும் விமானத்தை வாடகைக்கு எடுத்தா அதே விலக்கு கிடைக்கும்னு நம்பிப் பட்ஜெட் போடாதீங்க. கூடுதல் ட்வின் மணி நேரத்துக்கு இது பொருந்தும், அதனால கோர்ஸுக்குள்ளயா வெளியயான்னு முன்னாடியே தெளிவு பண்ணிக்கோங்க.

80இ: கல்விக் கடன் வட்டி முழுசுக்கும் கழிவு உண்டு, ஆனா பழைய வரி முறையில மட்டும். வட்டி கட்ட ஆரம்பிக்கிற வருஷத்துலேருந்து 8 வருஷம்தான். படிக்கும்போதே அப்பா வட்டியைக் கட்ட ஆரம்பிச்சா (அது நல்ல பழக்கம்தான், வட்டி அசலோட சேராது) கடிகாரமும் அன்னைக்கே ஓட ஆரம்பிச்சிடும். பையன் சம்பாதிக்க ஆரம்பிச்சு வரி கட்டுற நேரத்துல கழிவு தீர்ந்து போயிருக்கலாம். அப்பா பழைய முறையில 30 சதவீத வரி கட்டுறவரா, ஓய்வூதியம் மட்டும் வாங்குறவராங்கிறதைப் பொறுத்து முடிவு மாறும். கடன்ல அவர் பேரும் இருக்கணும்.

வெளிநாடு போறவங்களுக்கு: 2025 ஏப்ரல் 1 முதல், அங்கீகரிக்கப்பட்ட நிதி நிறுவனத்துல கல்விக் கடன் வாங்கி அனுப்புற பணத்துக்கு டிசிஎஸ் பிடித்தம் இல்லை. சொந்தப் பணம்னா வருஷத்துக்கு 10 லட்சம் வரை இல்லை. அங்க செமினோல்ல பறந்துட்டு வந்து இந்திய லைசென்ஸா மாத்தும்போது, இங்க கிடைக்கிற ட்வின்ல மறுபடி சில மணி நேரம் பறக்க வேண்டி வரலாம். அதையும் எழுதிக்கோங்க.

கடைசியா ஸ்ரீரங்கத்துக்காரங்களுக்கு மட்டும் ஒரு விஷயம். இந்தியன் பேங்க்ஸ் அசோசியேஷனோட மாதிரிக் கல்விக் கடன் திட்டத்துல டிஜிசிஏ அங்கீகரிச்ச பைலட் பயிற்சியும் உண்டு, ஆனா 7.5 லட்சத்துக்கு மேல போனா சொத்து அடமானம் கேட்பாங்க. "வீடு இருக்கே சார், உத்தர வீதியில, கோடிக்கணக்குல போகும்"னு வர்றாங்க. அடிமனை கோயிலுக்கா, குடியிருக்கிறவங்களுக்காங்கிற விவகாரம் தெரியாதவங்க நம்ம ஊர்ல இல்லை. கட்டடம் உங்களுது, மனை பேரு சிக்கல்னா பேங்க் வக்கீல் கையெழுத்துப் போடத் தயங்குவார். பையன் பாதி மணி நேரம் பறந்தப்புறம் இது தெரிஞ்சா, மீதிக்கு நகைக் கடன், கைமாத்துன்னு ஓடணும், ட்வின் கட்டம் அங்கயே நின்னுடும். திருவானைக்காவல்லயோ உறையூர்லயோ தெளிவான பத்திரத்தோட மனை இருந்தா அதை வைங்க, இல்லைன்னா டெபாசிட், எல்ஐசி பாலிசி. பள்ளிக்கு முதல் ரூபாய் கட்டுறதுக்கு முன்னாடி பேங்க்ல லீகல் ஒப்பீனியனை முடிச்சிடுங்க.

மேல சொன்ன கணக்கை உங்க எண்ணைப் போட்டுப் பார்க்க ஒரு எக்ஸெல் ஷீட்டை வீடியோவோட விளக்கக் குறிப்புல வச்சிருக்கேன். ட்வின் மணி நேரம், வட்டி விகிதம், தாமத மாசம், இந்த மூணு கட்டத்தை மட்டும் மாத்தினா போதும். டைப் ரேட்டிங் செலவை எப்படித் திட்டமிடறதுன்னு அடுத்த வீடியோவுல பார்ப்போம்.